காவிரிக் கரைக் கதைகளும் வாசகர் தீர்ப்பும்

ஒரு சிறுகதைக்கு வாசகர் காட்டும் எதிர்வினை இரண்டு காலங்களில் நிகழ்கிறது. வார இதழிலோ மாத இதழிலோ கதை தனியாக வரும்போது ஒரு முறை. அதே கதை பத்துப் பதினைந்து கதைகளோடு சேர்ந்து நூலாகும்போது இன்னொரு முறை. முதல் முறை வாசகர் கதைமாந்தரைப் பற்றிப் பேசுகிறார். அவள் செய்தது சரியா, அவனுக்கு அப்படித் தோன்றலாமா என்பதே பேச்சு. இரண்டாம் முறை எழுத்தாளரைப் பற்றிப் பேசுகிறார். இவர் எதைப் பார்த்திருக்கிறார், எதைப் பார்க்காமல் விட்டிருக்கிறார் என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது. இந்த இரண்டு தீர்ப்புகளும் தெளிவாகப் புலப்படும் இடம் தமிழ்நாட்டில் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மாயவரம் அடங்கிய காவிரிப் படுகை. கு.ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி, மௌனி, தி. ஜானகிராமன், எம்.வி. வெங்கட்ராம், கரிச்சான் குஞ்சு, ந. முத்துசாமி, தஞ்சை ப்ரகாஷ் என்று தமிழ்ச் சிறுகதையின் பெரும்பகுதி இந்த நெல்வயல்களுக்கு நடுவிலிருந்து வந்தது. அந்தக் கதைகளை முதலில் படித்தவர்களிலும் பலர் அதே ஆற்றில் குளித்தவர்கள், அதே ரயிலில் போனவர்கள்.

அச்சில் வந்த கதைக்கு முன்பே இந்த வட்டாரத்துக்குக் கதை கேட்கும் பழக்கம் உண்டு. தமிழகத்தில் கதாகாலட்சேபத்துக்கு வடிவம் கொடுத்தவராகக் கருதப்படும் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கே வாழ்ந்தார். கோயில் மண்டபத்திலும் கல்யாணப் பந்தலிலும் கதை கேட்ட கூட்டம் சும்மா கேட்டுக்கொண்டிருந்த கூட்டமல்ல. பாட்டு நன்றாக அமைந்த இடத்தில் தலையாட்டியது; பாகவதர் தவறிய இடத்தில் மறுநாள் திண்ணையில் அதைச் சொல்லிக் காட்டியது. கச்சேரி ரசிகருக்கும் இதே வழக்கம். கலைஞரின் முகத்துக்கு நேரே ரசனையைத் தெரிவிக்க வேண்டும், மறுநாள் அதைப் பற்றி வாதாட வேண்டும் என்பது தஞ்சை மாவட்டத்தின் பழைய ஒழுங்கு. சிறுகதை வந்தபோது அந்த ஒழுங்கு அதன்மேலும் படிந்தது. அமெரிக்கரான எட்கர் ஆலன் போ 1842இல் ஹாதார்னின் கதைகளுக்கு எழுதிய மதிப்புரையில், ஒரே அமர்வில் படித்து முடிப்பதால்தான் சிறுகதை வாசகரை முழுமையாக ஆட்கொள்கிறது என்று வாதிட்டார். காவிரிக் கரையில் அந்த ஒரே அமர்வு கதையோடு முடியவில்லை. படித்தவர் பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார், அவர் மறுத்தார், கதை அதன் பிறகுதான் நடக்கத் தொடங்கியது.

1933இல் தொடங்கிய ‘மணிக்கொடி’, 1935இல் பி.எஸ். ராமையாவின் கைக்கு வந்து சிறுகதை இதழாக மாறியது. கும்பகோணத்துக்காரர்களான ந. பிச்சமூர்த்தியும் கு.ப. ராஜகோபாலனும் அதில் முன்வரிசையில் நின்றார்கள். ஒன்றாகவே பேசப்பட்டதால் இருவருக்கும் கும்பகோணம் இரட்டையர் என்ற பெயர் நிலைத்தது. அந்நாளில் இலக்கிய இதழ்களின் வாசகர் எண்ணிக்கை சிறிது. வாசகர் பலர் எழுதுகிறவர்களாகவும் இருந்தார்கள். ஆகவே கதைக்கு வந்த எதிர்வினை பெரும்பாலும் இன்னொரு கதையாகவோ, நேர்ப்பேச்சாகவோ, அஞ்சலட்டையாகவோ வந்தது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படித்த தி. ஜானகிராமனும் எம்.வி. வெங்கட்ராமும் கு.ப.ரா.வின் நட்பு வட்டத்தில் வளர்ந்தவர்கள். வெங்கட்ராம் பதினாறு வயதிலேயே ‘மணிக்கொடி’யில் எழுதினார். வாசகராக இருந்து எழுத்தாளராக மாறுவது அங்கே ஓராண்டில் நடந்துவிடக்கூடிய காரியமாக இருந்தது.

இந்த வட்டத்தில் ஒரு வாசகர் செய்த காரியம் தமிழ் இலக்கியத்தில் தனித்து நிற்கிறது. தஞ்சை மாவட்டத்துச் சேதனீபுரத்தில் 1919இல் பிறந்த ஆர். நாராயணசாமி, கு.ப.ரா.வின் எழுத்தில் தோய்ந்தவர். கு.ப.ரா. ‘கரிச்சான்’ என்ற புனைபெயரிலும் எழுதியதால், நாராயணசாமி தனக்குக் ‘கரிச்சான் குஞ்சு’ என்று பெயர் வைத்துக்கொண்டார். ஒரு வாசகர் தன் எதிர்வினையைத் தன் பெயராகவே ஆக்கிக்கொண்டு, அந்தப் பெயரிலேயே ‘பசித்த மானிடம்’ போன்ற நாவலை எழுதி, 1992இல் மறையும் வரை அதைச் சுமந்தார். எந்த விருதும் எந்த மதிப்புரையும் ஓர் எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய மரியாதையைத் தந்துவிட முடியாது.

கு.ப.ரா.வுக்கு வந்ததெல்லாம் மரியாதையாகவே இருக்கவில்லை. ஆண் பெண் உறவையும் பெண்ணின் உடல் விழைவையும் எழுதியதற்காக அவர் கண்டிக்கப்பட்டார். ‘ஆற்றாமை’ கதையை எடுத்துக்கொள்ளலாம். கணவன் வெளியூரில் இருக்க, தனியாக இருக்கும் இளம்பெண்ணுக்குப் பக்கத்து அறையில் புதிதாக மணமானவர்களின் சிரிப்பும் பேச்சும் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. இரவில் அந்தப் புது மணமகனைத் தேடி ஒருவர் வருகிறார். அவர்கள் தனித்திருக்கும் நேரம் என்று தெரிந்தே அவள் அவரைக் கதவைத் தட்டச் செய்துவிடுகிறாள். கதை இதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. அவள் கெட்டவள் என்று ஆசிரியர் சொல்லவில்லை; பாவம் என்றும் சொல்லவில்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லும் பொறுப்பு படிப்பவர் தலையில் விழுகிறது. அதைத் தாங்க முடியாத வாசகர் ஆசிரியரைக் கோபித்துக்கொண்டார். தாங்க முடிந்தவர் தன் வீட்டுப் பெண்களைப் பற்றி முதல்முறையாக யோசித்தார்.

‘விடியுமா?’ கதையும் இப்படியே. கணவன் ஆபத்தான நிலையில் இருப்பதாகத் தந்தி வருகிறது. அக்காளும் தம்பியும் இரவு ரயிலில் சென்னைக்குப் புறப்படுகிறார்கள். சோழநாட்டு வாசகருக்கு அந்த ரயில் புதிதல்ல. வேலைக்கும் வைத்தியத்துக்கும் சாவுக்கும் அவர்கள் ஏறிய எழும்பூர் ரயில்தான். வழி நெடுக நம்பிக்கையும் அச்சமும் மாறி மாறி வதைக்கின்றன. விடிந்தபோது அச்சம் உண்மையாகிவிடுகிறது. ஆனால் கதையின் கடைசியில் இருப்பது துயரம் மட்டுமல்ல, ஐயம் தீர்ந்ததில் வரும் ஓர் அமைதியும் இருக்கிறது. கணவன் இறந்த செய்தியில் மனைவிக்கு நிம்மதி வரலாமா என்பது கதை வந்த நாளிலிருந்து கேட்கப்படும் கேள்வி. மருத்துவமனை வாசலில் ஓர் இரவு கழித்தவர் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. வாசகரின் அனுபவம் கதையின் பொருளை முடிக்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் ரோசன்பிளாட் 1938இல் ஒரு நூலில் வாதாடினார். ஜெர்மனியில் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்து அறிஞர்கள் 1960களின் இறுதியில் அதையே விரிவான கோட்பாடாக்கினார்கள். அந்தக் கோட்பாட்டுக்கு ‘விடியுமா?’வைவிடச் சிறந்த சான்று தேட வேண்டியதில்லை.

மௌனி எழுப்பிய எதிர்வினை வேறு வகை. 1907இல் செம்மங்குடியில் பிறந்து கும்பகோணத்திலும் சிதம்பரத்திலும் வாழ்ந்த எஸ். மணிக்கு மௌனி என்ற பெயரைச் சூட்டி, எழுதவைத்து, ‘மணிக்கொடி’யில் வெளியிட்டவர் பி.எஸ். ராமையா. வாழ்நாளில் மௌனி எழுதிய கதைகள் சுமார் இருபத்து நான்கு. புதுமைப்பித்தன் அவரைச் சிறுகதையின் திருமூலர் என்று அழைத்தார். அந்தப் பாராட்டிலேயே ஓர் எச்சரிக்கையும் இருந்தது. திருமூலர் எல்லாருக்கும் எளிதில் பிடிபடுபவர் அல்ல. மௌனியின் வாசகர் காலங்காலமாகச் சொன்ன ஒரு சொல் ‘புரியவில்லை’ என்பது. கோயில் பிராகாரத்து இருள், தூண்களில் பாதி தெரியும் யாளி, சன்னதியில் நிற்கும் பெண், எங்கிருந்தோ வரும் பாட்டு என்று அவர் காட்டும் பொருள்கள் எல்லாம் சோழநாட்டு வாசகர் நாள்தோறும் பார்த்தவை. பார்த்தவையே அந்நியமாகிவிடுவதுதான் வாசகரைக் குழப்பியது. வேறு ஊர்க்காரர் மௌனியின் மொழி புரியவில்லை என்றார். கும்பகோணத்துக்காரர் தன் கோயிலே தனக்குப் புரியாமல் போனதாக உணர்ந்தார். இரண்டும் ஒரே சொல்லில் சொல்லப்பட்டதால் ஒன்றாகவே எண்ணப்பட்டுவிட்டன.

புரியவில்லை என்ற எதிர்வினையைக் குறையாகக் கருதிவிடுவது விமர்சகரின் அவசரம். மௌனியை விட்டுவிட்டுப் போன வாசகர் உண்டு. விடாமல் பிடித்துக்கொண்டு இருபது முப்பது ஆண்டுகள் திரும்பத் திரும்பப் படித்த வாசகரும் உண்டு. ‘எழுத்து’ இதழ் 1959இல் சி.சு. செல்லப்பாவால் தொடங்கப்பட்டபோது இந்த இரண்டாம் வகையினருக்குப் பேச ஓர் இடம் கிடைத்தது. வெங்கட் சாமிநாதன், பிரமிள் போன்றவர்கள் மௌனியைப் பற்றி எழுதியவை நெடுநாள் வாசித்து ஊறியவர்களின் எழுத்து. ஒரு கதையைப் பாராட்டவே கால் நூற்றாண்டு ஆகலாம் என்பதற்கு மௌனியே தமிழில் முதல் சான்று.

தி. ஜானகிராமனிடம் வரும்போது எதிர்வினை வாயார நிகழ்கிறது. 1921இல் தேவங்குடியில் பிறந்தவர். பள்ளி ஆசிரியராகப் பத்தாண்டு பணியாற்றிவிட்டு வானொலிக்குப் போனவர். அவருடைய ‘பாயசம்’ கதையைப் படித்த இருவர் ஒரே இடத்தில் இருந்தால் சண்டை வராமல் இருக்காது. சாமநாது என்ற கிழவர், தன் அண்ணன் மகன் சுப்பராயன் வசதியோடும் பெயரோடும் வாழ்வதைப் பொறுக்க மாட்டாமல் வெதும்புகிறார். அவன் வீட்டுக் கல்யாணத்தில், பந்திக்குத் தயாராக இருக்கும் பாயசத் தவலையைக் கவிழ்த்துவிட்டு, அதில் எலி கிடந்தது என்கிறார். இறந்துபோன மனைவி அவர் மனத்துக்குள் பேசிக்கொண்டே இருக்கிறாள். வீட்டில் அவருடைய விதவை மகள் இருக்கிறாள். அந்தப் பெண்ணின் பார்வையை எதிர்கொள்ள முடியாத கிழவரோடு கதை நிற்கிறது.

சாமநாது பொறாமைக்காரர் என்று தீர்ப்பளிப்பது எளிது. முதல் வாசிப்பில் பெரும்பாலோர் அதைத்தான் செய்கிறார்கள். இரண்டாம் வாசிப்பில் வேறொன்று தெரியும். தன் மகள் மூலையில் கிடக்க, அண்ணன் மகன் வீட்டில் நான்காவது பெண்ணுக்கும் கல்யாணம் நடக்கிறது என்ற கணக்கு அந்தக் கிழவருக்குள் ஓடுகிறது. கூட்டுக்குடும்பத்தில் பிறந்து, பங்காளிக் காய்ச்சல் இன்னதென்று அறிந்த தஞ்சாவூர் வாசகர், சாமநாதுவை ஏதோ ஓர் ஊரில் தனக்குத் தெரிந்த கிழவராகவே அடையாளம் காண்கிறார். ‘இது யாரைப் பற்றி எழுதினது?’ என்ற கேள்வி இந்த வட்டாரக் கதைகளுக்கு வரும் முதல் எதிர்வினை. கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ், எழுதியவர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவருக்குக் கொடுத்து, அவர்கள் சொன்னதைத் தொகுத்து 1929இல் நூலாக்கினார். அந்தச் சோதனைக்கு நேர் எதிரான நிலை காவிரிக் கரையில் இருந்தது. இங்கே வாசகருக்கு ஆசிரியரின் பெயர் தெரியும், தெரு தெரியும், சொந்தக்காரர்களும் தெரியும். அதனால் வாசிப்பு கெட்டுப்போனது என்று சொல்ல இடமில்லை. தெரிந்த மனிதர் கதைக்குள் வேறாகத் தெரிவதைக் கண்டு திகைப்பது ஒரு தனி வாசிப்பின்பம். முன்பின் தெரியாத ஊரின் கதையைப் படிப்பவருக்கு அது கிடைப்பதில்லை. ‘மோகமுள்’ படித்தவர்கள் கும்பகோணத்துத் துக்காம்பாளையத் தெருவில் நடந்து பார்ப்பது இந்தத் திகைப்பின் நீட்சி.

‘சிலிர்ப்பு’ வேறு விதமாகப் பேசவைக்கும் கதை. ரயிலில் அப்பாவோடு பயணம் செய்யும் சிறுவன், கல்கத்தாவில் ஒரு வீட்டுக்கு வேலைக்காக அழைத்துப் போகப்படும் சின்னப் பெண்ணிடம் தன் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிடுகிறான். நடந்தது அவ்வளவுதான். இந்தக் கதையைப் பற்றிப் பேசத் தொடங்கும் வாசகர் பெரும்பாலும் எங்கே படித்தோம், எப்போது அழுதோம் என்றுதான் தொடங்குகிறார். விமர்சனம் இந்த அழுகையைச் சந்தேகத்தோடு பார்ப்பதுண்டு. ஆனால் வறுமையால் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிய ஊர்களில் இந்த அழுகைக்குக் குற்றவுணர்வும் ஒரு காரணம். சிறுவன் கொடுத்த பழத்தைப் பெரியவர்கள் யாரும் கொடுக்கவில்லை என்பதைத்தான் வாசகர் தாங்கிக்கொள்ள முடிவதில்லை. ‘பரதேசி வந்தான்’ கதையில் பந்தியிலிருந்து எழுப்பித் துரத்தப்படும் பிச்சைக்காரனும், ‘கண்டாமணி’யில் தான் போட்ட சாப்பாட்டில் நேர்ந்த விபரீதத்தை மறைத்துக் கோயிலுக்கு மணி நேர்ந்துகொள்ளும் சாப்பாட்டுக் கடைக்காரரும் இதே குற்றவுணர்வைத்தான் தொடுகிறார்கள். சோறு விளையும் நாட்டில் சோற்றைச் சுற்றியே தவறுகள் நடப்பதை ஜானகிராமன் கண்டார். வாசகரும் அதை அடையாளம் கண்டார்.

கலையைப் பெறுபவரின் எதிர்வினையையே பொருளாகக் கொண்ட கதை ஒன்றும் அவரிடம் உண்டு. ‘செய்தி’யில், மகன் சினிமா மெட்டுகளை வாசிப்பதில் மனம் நொந்த நாகஸ்வர வித்துவான், ஊருக்கு வந்த மேல்நாட்டு இசைக்குழுவினர் முன் வாசிக்கிறார். அவருடைய மொழியோ ராகமோ தெரியாத குழுத்தலைவர் தியாகராஜரின் ‘சாந்தமுலேகா’ கீர்த்தனையில் கரைந்துபோகிறார். போரால் களைத்த உலகுக்கு வேண்டிய செய்தியை அதில் கேட்டதாகச் சொல்கிறார். தன் வாசிப்புக்கு இப்படியும் ஒரு பொருள் இருப்பதை வித்துவானே அப்போதுதான் அறிகிறார். வாசகரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட மிக நல்ல கட்டுரை எது என்று கேட்டால் இந்தக் கதையைச் சுட்டலாம்.

எம்.வி. வெங்கட்ராமின் ‘பைத்தியக்காரப் பிள்ளை’ கும்பகோணத்துப் பட்டு நெசவாளர் வீட்டுக்குள் நடக்கிறது. குடும்பத்தைத் தாங்கும் இளைஞன், தாயின் கடுமையைப் பொறுக்க முடியாமல் உயிரை விடுகிறான். தாயைக் கொடுமைக்காரியாகக் காட்டியதை ஏற்காத வாசகரும், ஏற்று மௌனமானவரும் உண்டு. ந. முத்துசாமியின் புஞ்சை ஊர்க் கதைகளுக்கு, குறிப்பாக ‘நீர்மை’க்கு, இதில் கதையே இல்லையே என்ற எதிர்வினை வந்தது. நிகழ்ச்சி இல்லாமல் நினைவே கதையாகும் முறைக்கு வாசகர் பழகச் சில ஆண்டுகள் ஆயின.

பெருவாரி இதழ்களில் வந்த கதைகளுக்கு எதிர்வினை அஞ்சல் பையில் வந்தது. தமிழில் அதற்குப் பேர்பெற்ற சான்று 1966இல் ஆனந்த விகடனில் வந்த ஜெயகாந்தனின் ‘அக்னிப் பிரவேசம்’.   மழைநாளில் காரில் ஏற்றிச் சென்றவனால் கெடுக்கப்பட்ட மகளைத் தாய் தலையில் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, நீ தூயவள் என்று ஏற்றுக்கொள்ளும் கதை அது. அந்தத் தாய் அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று எழுதியவர்கள் உண்டு; வேறு முடிவோடு மறுகதை எழுதியவர்களும் உண்டு. அந்த எதிர்ப்புக்கெல்லாம் விடையாகவே, தாய் ஏற்காமல் ஊரறிந்துபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியிலிருந்து ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல் எழுந்தது. அந்த நாவல் 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமி விருதைப் பெற்றது. வாசகரின் கோபம் ஒரு நாவலைப் பிறப்பித்த நிகழ்ச்சி இது. அமெரிக்காவில் ஷெர்லி ஜாக்ஸனின் ‘தி லாட்டரி’ 1948 ஜூனில் ‘நியூ யார்க்கர்’ இதழில் வந்தபோது அந்தக் கோடையில் அவருக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. குழம்பியவர்கள், திட்டியவர்கள் போக, இந்தச் சடங்கு எந்த ஊரில் நடக்கிறது என்று விசாரித்தவர்களும் இருந்தார்கள். கதையில் வருவதை நடந்ததாகவே கொள்ளும் வாசகர் எந்த நாட்டிலும் உண்டு.

தனிக்கதை இதழோடு மறைந்துவிடுவது; தொகுப்பு நூலகத்தில் தங்குவது. இந்த இடத்தில் காவிரிப் படுகைக்கு ஒரு சிறப்புண்டு. இந்திய நூலக இயக்கத்தின் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் 1892இல் சீர்காழியில் பிறந்தவர். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும், நூலுக்கும் அதற்குரிய வாசகர் வாய்க்க வேண்டும் என்ற கருத்தை அடிப்படையாகக் கொண்ட அவருடைய நூலக விதிகள் 1931இல் நூலாயின. அதே ஆண்டு மன்னார்குடியில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சுற்றுவட்டக் கிராமங்களுக்கு அனுப்பும் நடமாடும் நூலகத்தைத் தொடங்கினார். நகரத்துக்கு வர முடியாதவர் வீட்டு வாசலுக்குப் புத்தகம் போனது. 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்த பிறகு கிளை நூலகங்கள் பெருகின. ஜானகிராமனின் ‘கொட்டுமேளம்’, ‘சிவப்பு ரிக்‌ஷா’, ‘அக்பர் சாஸ்திரி’ போன்ற தொகுப்புகளை விலைகொடுத்து வாங்கியவர்களைவிட நூலகத்தில் எடுத்துப் படித்தவர்களே மிகுதி என்று கொள்ளலாம். 1979ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமி விருது அவருக்கு ஒரு நாவலுக்காகக் கிடைக்கவில்லை. ‘சக்தி வைத்தியம்’ என்ற சிறுகதைத் தொகுப்புக்குக் கிடைத்தது. சென்னையில் 1970இல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பு, மாதந்தோறும் இதழ்களில் வந்த கதைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்து, பன்னிரண்டையும் ஆண்டுத் தொகுப்பாக்கியது. வாசகரின் தேர்வு அங்கே ஒழுங்கான நடைமுறையாயிற்று.

தொகுப்பைப் படிப்பவர் கேட்கும் கேள்வி கடுமையானது. ஒரு கதையில் அக்கிரகாரம் மட்டும் வந்தால் அது கதையின் களம். பதினைந்து கதைகளிலும் அதுவே வந்தால் அது ஆசிரியரின் எல்லை. வயலில் இறங்கி நாற்று நட்டவர், அறுத்தவர், நெல்லைக் களத்துமேட்டுக்குச் சுமந்தவர் ஆகியோர் இந்த வட்டாரத்தின் புகழ்பெற்ற தொகுப்புகளில் எத்தனை பக்கங்களில் வருகிறார்கள் என்று பிற்கால வாசகர் எண்ணிப் பார்த்தார். கு.ப.ரா.வின் ‘பண்ணைச் செங்கான்’ போல விதிவிலக்குகள் உண்டு. அவை விதிவிலக்குகள் என்பதே குற்றச்சாட்டு. 1968 டிசம்பர் 25 இரவு, அப்போது தஞ்சை மாவட்டத்தில் இருந்த கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு தஞ்சாவூர்க் கதைகளை முன்புபோலப் படிக்கப் பலரால் முடியவில்லை. அந்நிகழ்ச்சியை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ நாவலுக்கு 1977ஆம் ஆண்டுக்கான அக்காதெமி விருது கிடைத்தது. நிலவுடைமையாளரின் கொடுமைக்கு அவருடைய உடற்குறையைக் காரணமாக்கிவிட்டது என்ற கண்டனமும் இடதுசாரி வாசகரிடமிருந்து எழுந்தது. சோலை சுந்தரபெருமாள் தொகுத்த ‘தஞ்சைச் சிறுகதைகள்’ இந்த வாசக விமர்சனத்துக்கு நூல்வடிவில் வந்த ஒரு விடை. வட்டாரம் என்றால் ஒரு தெரு அன்று என்பதை அந்தத் தொகுப்பு காட்டியது. தஞ்சை ப்ரகாஷின் ‘கரமுண்டார் வூடு’ம் சி.எம். முத்துவின் எழுத்தும் வேறு வீடுகளின் கதவைத் திறந்தன.

இந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதை வைத்து ‘பாயச’த்தையும் ‘விடியுமா?’வையும் ஒதுக்கிவிடுவது பிழை. எழுத்தாளர் தான் அறிந்த வீட்டுக்குள் எவ்வளவு தூரம் போனார் என்பது ஒரு கேள்வி. எத்தனை வீடுகளுக்குப் போனார் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் காவிரிக் கரைக் கதைகளின் விடை தமிழில் எதற்கும் குறைந்ததல்ல. இரண்டாம் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் பின்னால் வந்தார்கள், இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள்.

வாசகரை ஒன்றுகூட்டிப் பேசவைப்பதைத் தன் வாழ்க்கையாகவே கொண்டவர் தஞ்சை ப்ரகாஷ். 1943இல் பிறந்து 2000இல் மறைந்தவர். ‘யுவர் மெஸ்’ என்ற உணவகம் நடத்தினார், இதழ்கள் நடத்தினார், வெங்கட் சாமிநாதனின் எழுத்துக்கென்றே தனியாக ஓர் இதழ் கொண்டுவந்தார். ‘சும்மா இலக்கியக் கும்பல்’, ‘கதைசொல்லிகள்’ என்ற பெயர்களில் தஞ்சாவூரில் கூட்டங்கள் நடந்தன. கதையைக் கையில் வைத்துப் படிக்காமல் வாயால் சொல்ல வேண்டும் என்பது கதைசொல்லிகளின் முறை. அந்த முறையில் வாசகரின் எதிர்வினை ஒளிய இடமில்லை. ஒருவர் ஒரு கதையைத் திருப்பிச் சொல்லும்போது எதை விடுகிறார், எதை நீட்டுகிறார் என்பதிலேயே அவருக்குக் கதை எப்படிப் பட்டது என்று தெரிந்துவிடும். கதாகாலட்சேபம் கேட்ட ஊருக்கு இதைவிடப் பொருத்தமான விமர்சன முறை இருக்க முடியாது.

எதிர்வினை எல்லா இடத்திலும் பேச்சோடு நிற்பதில்லை. காவிரியின் மேல்பகுதியில், கரூர் மாவட்டத்தைச் சேர்ந்த எழுத்தாளர் புலியூர் முருகேசன் தன் சிறுகதைத் தொகுப்பில் வந்த ஒரு கதைக்காக 2015 பிப்ரவரியில் தாக்கப்பட்டார். தங்கள் சாதியை இழிவுபடுத்தியதாகச் சொல்லித் தாக்கினார்கள். கதையில் வருபவர் யார் என்று கேட்பது வாசகரின் உரிமை. அது நாங்கள்தான் என்று முடிவுகட்டி அடிப்பது வாசிப்பே ஆகாது. கதைமாந்தரின்மேல் தீர்ப்புச் சொல்லும் உரிமை கோபத்தையும் உள்ளடக்கியது. எழுதியவரின் உடல்மேல் கைவைக்கும் உரிமை யாருக்கும் இல்லை. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

இந்த நூறாண்டு எதிர்வினைகளில் அச்சில் இருப்பது சிறு பகுதி. மதிப்புரைகளும் முன்னுரைகளும் விருதுக் குறிப்புகளும் கிடைக்கின்றன; எம்.வி. வெங்கட்ராமின் ‘என் இலக்கிய நண்பர்கள்’ போன்ற நினைவு நூல்கள் சில கிடைக்கின்றன. அஞ்சலட்டைகள், நூலகப் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய வரிகள், கூட்டங்களில் பேசியவை, சலூனிலும் டீக்கடையிலும் வார இதழைப் பகிர்ந்து படித்தவர்கள் சொன்னவை ஆகியவற்றை யாரும் சேர்த்துவைக்கவில்லை. பெண்கள் இந்தக் கதைகளைப் படித்துவிட்டுத் தங்களுக்குள் பேசிக்கொண்டதில் மிகக் குறைவே எழுத்தில் இருக்கிறது. கு.ப.ரா.வும் ஜானகிராமனும் எழுதியது பெரும்பாலும் அந்தப் பெண்களைப் பற்றித்தான். கூலித் தொழிலாளர் வீடுகளில் முதல் தலைமுறையாகப் படித்தவர்கள் இக்கதைகளைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதும் அவ்வாறே.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட நூலகங்களும், 1981 முதல் தஞ்சாவூரில் இயங்கிவரும் தமிழ்ப் பல்கலைக்கழகமும், இப்பகுதிக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகளும் இந்தப் பணியை எடுத்துக்கொள்ளலாம். எழுத்தாளர் குடும்பங்களில் இருக்கும் வாசகர் கடிதங்களைப் பெற்றுப் படியெடுத்து வைக்க வேண்டும். முதியவர்களிடம் போய், எந்தக் கதையை எங்கே படித்தீர்கள், யாரோடு அதைப் பற்றிப் பேசினீர்கள் என்று கேட்டு ஒலிப்பதிவு செய்ய வேண்டும். வீட்டில் பரணில் பழைய கடிதக் கட்டு வைத்திருப்பவர்கள் அதை எடைக்குப் போட்டுவிடாமல் அருகிலுள்ள நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும்.